தோலுக்குப் பிடித்த பாம்பு, மருந்துக்குப் பிடித்த பாம்பு

சென்னையின் தோல் கிடங்குகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வந்து இறங்கிய காலத்தில், பாம்புத்தோலும் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு, கூடவே உடும்பு. 1950-களிலும் 60-களிலும் இந்தியாவிலிருந்து இலட்சக்கணக்கில் பாம்புத்தோல்கள் வெளிநாட்டுக்குக் கப்பலேறின. அங்கே அவை கைப்பையாகவும் இடைவாராகவும் செருப்பாகவும் மாறின. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்ட சீமாட்டிக்கு, அதன் முதல் கண்ணி செங்கல்பட்டுப் பக்கத்து வயல்வரப்பில் கடப்பாரையோடு குந்தியிருந்த ஓர் இருளர் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வியாபாரத்தில் அதிகம் சம்பாதித்தவர்கள் இடையில் இருந்தவர்கள். பாம்பைத் தேடி நடந்தவருக்கும், வளையைத் தோண்டியவருக்கும், கடிபடும் ஆபத்தைச் சுமந்தவருக்கும் கிடைத்தது சில்லறைக் காசு. ஆனாலும் அந்தக் காசில்தான் நூற்றுக்கணக்கான இருளர் குடும்பங்களில் உலை கொதித்தது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் சிதறி வாழ்பவர்கள் இந்த இருளர்கள். நீலகிரி, கோவை மலைப்பகுதிகளிலும் இருளர் உண்டு. ஆனால் சமவெளி இருளரின் தொழிலும் வாழ்க்கையும் வேறு. கன்னியம்மன் அவர்களுடைய தெய்வம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் பல மாவட்டத்து இருளர்களும் குடும்பத்தோடு வந்து கூடுகிறார்கள். மணலில் படி கட்டி, பூவைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். திருமணம் பேசுவதும் தாலி கட்டுவதும் அங்கேயே நடக்கும். புற்றையும் பாம்பையும் அம்மனோடு சேர்த்தே பார்க்கிற மக்கள் இவர்கள். அவர்களே பாம்பைத் தோலுக்காகக் கொல்ல வேண்டி வந்தது பிழைப்பின் நெருக்கடியால்தான்.

அவர்களுடைய வித்தையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பாம்பாட்டியின் மகுடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருளர் பாம்பை ஆட்டுவதில்லை, தேடுகிறார். விடியற்காலையில் வரப்பில் நடக்கும்போது அவர் கண் தரையிலேயே இருக்கும். எலிவளை ஒன்று தென்பட்டால் முதலில் அதன் வாயைப் பார்ப்பார். வாயின் குறுக்கே சிலந்தி வலை கட்டியிருந்தால் அதில் போக்குவரத்து இல்லை என்று பொருள். அடுத்த வளைக்கு நகர்வார். வாய் வழவழப்பாக, உரசி உரசி மெருகேறியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. புழுதியில் கிடக்கும் தடத்தைக் குனிந்து பார்த்து, போன திசையையும் ஏறக்குறைய போன நேரத்தையும் சொல்லிவிடுவார். எச்சமும், உரித்துப்போட்ட சட்டையின் ஒரு துண்டும் அவருக்குப் போதும். நல்ல பாம்பு நெல்வயல் எலிவளையில், கட்டுவிரியன் செங்கல் குவியலிலும் இடிந்த சுவரிலும், கண்ணாடி விரியன் கற்றாழை வேலியின் அடிச்சருகில், சுருட்டை வறண்ட தரையின் கல்லுக்கடியில் என்று எது எங்கே கிடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு கடப்பாரையால் அவசரமில்லாமல் தோண்டுவார். வால் தெரிந்ததும் பிடித்து இழுத்து, துணிப்பையில் இறக்கி, வாயைக் கட்டிவிடுவார். பள்ளிக்கூடத்து வாசலையே பார்க்காத பலர் தாத்தாவோடும் அப்பாவோடும் நடந்து நடந்து கற்ற படிப்பு இது.

படித்தவர்கள் உலகம் இந்தப் படிப்பை நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-இல் ஒரு பெரிய நூலை வண்ணப்படங்களோடு வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விஷமுள்ள பாம்பு எது, இல்லாதது எது என்று பிரித்துக் காட்டுவது அவருடைய முக்கிய நோக்கம். பாம்புக்கடிக்கு மருந்தென்று அப்போது பெயர்பெற்றிருந்த, ஆர்செனிக் கலந்த 'தஞ்சாவூர் மாத்திரை'யையும் அவர் சோதித்துப் பார்த்தார். ஆனால் அந்த நூல் கம்பெனிக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வயலில் கடிபட்டுச் செத்தவனின் கைக்கு அது வந்ததே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு வேறு வழி பிடித்தது: பாம்பைக் கொன்று காட்டினால் பரிசுப் பணம். பாம்புகள் ஏராளமாகச் செத்தன, பாம்புக்கடிச் சாவு குறையவில்லை.

மக்களோடு பாம்பைப் பற்றிப் பேசத் தொடங்கியது வெகு காலம் கழித்துத்தான். அதைச் செய்தவர் நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானலில் பள்ளிப்படிப்பு படித்த ரோமுலஸ் விட்டேகர். அமெரிக்காவில் மயாமியில் பில் ஹாஸ்ட் என்பவருடைய பாம்புப் பண்ணையில் வேலை பார்த்து, விஷம் எடுக்கும் முறையைக் கற்று, 1967-இல் இந்தியா திரும்பினார். இரண்டொரு ஆண்டுகளில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஒரு சிறிய பாம்புப் பண்ணை தொடங்கினார். 1972-இல் அது கிண்டிக்கு இடம் மாறியது. சென்னைவாசிகள் மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பாம்புப் பண்ணை அதுதான். விட்டேகருக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள், பாம்பின் போக்கைக் கற்றுக்கொடுத்தவர்கள் இருளர்கள். இதை அவர் தம் வாழ்நாளெல்லாம் சொல்லிவருகிறார்.

கிண்டிப் பண்ணை செய்த பெரிய வேலை, நகரத்து மனிதனின் தலைக்குள் இருந்த பாம்பை வெளியே எடுத்ததுதான். நம் ஊரில் பாம்பைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்பார்கள். உண்மையில் அப்படி முறுக்கிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், அது பலம் பார்க்கும் சண்டை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று பயந்து அதற்குக் கண்கொத்திப் பாம்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, கடிபட்டவனின் பிணம் எரிகிறதா என்று சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்பது இன்னொரு கதை. பாவம், அது விஷமே இல்லாத பாம்பு, தவளையும் பல்லியும் தின்று பிழைப்பது. இந்தக் கதைகளால் அடிபட்டுச் செத்த பாம்புகளுக்குக் கணக்கில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பாம்பு, இந்தப்பக்கம் குழந்தை, பக்கத்தில் தமிழில் ஒரு விளக்கப் பலகை: சொல்லிக்கொடுக்க இதைவிட எளிய வழி ஏது? இந்தியாவில் இருநூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் இருந்தும் மனிதச் சாவுகளில் மிகப்பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நான்கே நான்கு என்பது பொதுமக்களுக்குத் தெரிய ஆரம்பித்தது இப்படித்தான். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகியவையே அந்த நான்கு.

பண்ணையைச் சுற்றிக் கூடிய இளைஞர்கள் பாம்போடு நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் விட்டேகரும், சென்னை ஐ.ஐ.டி. மாணவராக இருந்த சதீஷ் பாஸ்கரும் நண்பர்களும் இரவில் கடற்கரையோரம் நடந்து, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடினார்கள். முட்டைகளை எடுத்துப் பாதுகாத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். இன்று தை, மாசி மாதங்களில் பெசன்ட் நகர்ப் பக்கம் மாணவர்கள் நடத்தும் ஆமை நடைக்கு வேர் அங்கே இருக்கிறது. முதலைகள் அருகிப்போன நிலையில், 1976-இல் ரோமுலஸ், ஸாய் விட்டேகர் தம்பதியர் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள்.

அதே 1976-இல்தான் இருளர் குடிசைகளில் இடி விழுந்தது. 1972-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. தடை தேவையான ஒன்று, அதில் இரண்டு பேச்சில்லை. சாரையைக் கொன்று தீர்த்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும். தவளைக்கால் வியாபாரத்திலும் நாடு இதே பாடத்தைப் பிறகு படித்தது, அந்த ஏற்றுமதிக்கு 1987-இல்தான் தடை வந்தது. ஆனால் பாம்புத்தோலைத் தடுத்த கையோடு, இதுவரை பாம்பு பிடித்தவர் நாளை என்ன சாப்பிடுவார் என்று சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. தோல் வியாபாரி வேறு தொழிலுக்குப் போனார். நிலமும் இல்லாமல், சாதிச் சான்றிதழும் இல்லாமல் இருந்த இருளர் எங்கே போவார்? விறகு வெட்டவும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கவும்தான் போனார்கள். பாம்பு தேடிக் காட்டுக்குள் நுழைந்தவரோ ஒரே நாளில் குற்றவாளியானார்.

இங்கேதான் இந்த வரலாறு திரும்புகிறது. தோலுக்குப் பாம்பைக் கொல்ல வேண்டும். விஷத்துக்கு அது உயிரோடு வேண்டும். பாம்புக்கடிக்கு மருந்து வேண்டுமானால் பாம்பு விஷம் வேண்டும். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத்தான் விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கல்மெட் 1890-களில் காட்டிய வழி அது, அடிப்படையில் இன்றும் மாறவில்லை. அப்படியானால் பிடி, விஷம் எடு, திரும்ப விடு. பிடிக்கும் கை பழையது, வித்தையும் பழையது, பாம்பு மட்டும் பிழைத்துக்கொள்ளும். விட்டேகரும் நண்பர்களும் இருளர்களோடு பேசிப் பேசி, அரசுக் கதவுகளைத் தட்டித் தட்டி, 1978 டிசம்பரில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். அனுமதிகளும் சாதனங்களும் வந்து சேர்ந்து விஷம் எடுக்கும் வேலை சூடுபிடிக்க 1982 ஆயிற்று. முதலாளி கிடையாது, உறுப்பினர்கள் இருளர்கள். முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே சங்கம் இயங்கியது.

சங்கத்தின் நடைமுறையே ஒரு பாதுகாப்புப் பாடம். எந்தப் பாம்பை, எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை வரம்பு கட்டி உரிமம் தருகிறது. உறுப்பினர் பிடித்துவரும் பாம்பை எடைபோட்டு, நீளம் பார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அது மண்பானைக்குள் போகும். பானைக்குள் கொஞ்சம் மணல், வாயில் காற்றுப் புகும் பருத்தித் துணி, துணியைச் சுற்றிக் கட்டிய கயிறு, பானையின் மேல் பாம்பின் பெயரும் தேதியும். மண்பானை உள்ளே குளுமையாக இருக்கும், இருட்டாக இருக்கும். வளையில் கிடந்த பாம்புக்கு அது அந்நியமில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் அங்கே இருக்கும், அதற்குள் நான்கு முறை விஷம் எடுப்பார்கள்.

விஷம் எடுப்பவர் கொக்கியால் பாம்பைத் தூக்கி மேசையில் விட்டு, தலையின் பின்புறத்தை விரலால் பிடித்து, மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் வாயை வைப்பார். பாம்பு கடிக்கும். பற்கள் உறையைத் துளைத்து உள்ளே இறங்கியதும் துளித் துளியாக விஷம் வடியும். நல்ல பாம்பின் விஷம் வெளிர்மஞ்சளாய்க் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஒரு கிராம் சேரப் பல பாம்புகள் வேண்டும். கட்டுவிரியனும் சுருட்டையும் தருவது மிகக் கொஞ்சம், அதனால் அவற்றின் விஷத்துக்குக் கிராம் விலை அதிகம். எடுத்ததை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். முறை முடிந்த பாம்பின் வயிற்றுச் செதிலின் ஓரத்தைச் சிறிது கத்தரித்து அடையாளம் வைத்து, காட்டில் விட்டுவிடுவார்கள். திரும்ப மாட்டினால், 'இது வந்து போன பாம்பு' என்று அந்தச் செதில் சொல்லிவிடும்.

நாட்டில் விஷமுறிவு மருந்துக்குப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்து போனது. அதன் மதிப்பை உணர ஓர் எண் போதும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 இலட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இறந்தவர்களில் மிகப்பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நாற்று நட்டவர்கள், அறுவடை செய்தவர்கள், திண்ணையிலும் தரையிலும் படுத்துத் தூங்கியவர்கள். மருந்து கிடைத்துப் பிழைத்தவர்களில் எத்தனையோ பேரின் உடம்பில் ஓடிய மருந்துக்கு மூலப்பொருள் வடநெம்மேலிப் பானையிலிருந்து வந்தது.

முதலைப் பண்ணைக்கு வரும் பார்வையாளர்கள் முன்னால் விஷம் எடுத்துக் காட்டியதும் பெரிய விஷயம். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைக்கப்பட்டிருந்த ஓர் இருளர் அங்கே மேடையில் ஆசிரியராக நின்றார். பள்ளிப் பிள்ளைகளும் பட்டணத்து மனிதர்களும் மூச்சுவிடாமல் அவரைப் பார்த்தார்கள். பாம்பைக் காப்பது பற்றி ஆயிரம் துண்டறிக்கை அச்சடிப்பதைவிட இது வலுவான கல்வி. பாம்புக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்கு, அதைப் பிடித்தவருக்கும் கிடைத்தது.

சங்கத்தைத் தொட்டு வேறு முயற்சிகளும் கிளைத்தன. எலி பிடிப்பதிலும் இருளர்கள் தேர்ந்தவர்கள். வயலில் நஞ்சு தெளிக்காமல் அவர்களைக் கொண்டே எலியை ஒழிக்கும் திட்டங்கள் 1980-களில் நடந்தன. 1986-இல் செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் உருவானது. மரக்கன்று வளர்ப்பும் மூலிகை மருத்துவமும் அதன் வேலைகள்.

இருளரின் வித்தை கடல் கடந்தது 2017-இல். அமெரிக்காவின் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் முழுக்கப் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்த மண்ணின் முயலையும் மானையும் பறவையையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க 2016-இல் நடத்திய போட்டியில் ஆயிரம் பேருக்கு மேல் இறங்கி, ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். மறு ஆண்டு சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் வரவழைக்கப்பட்டார்கள். புதிய நாடு, புதிய காடு, அவர்கள் பழகாத வகைப் பாம்பு. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள். கீ லார்கோவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள் ஒளிந்திருந்த 16 அடிப் பெண் பாம்பும் அதில் ஒன்று. அங்குள்ளவர்கள் வண்டியில் போய்ச் சாலையோரம் தேட, இவர்கள் இறங்கி நடந்து தடம் பார்த்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விட்டேகருக்கு 2018-இலேயே கிடைத்திருந்தது.

இத்தனைக்குப் பிறகும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பதில் பயனில்லை. தமிழ்நாட்டுக் கண்ணாடி விரியனின் விஷமும் வடக்கே, மேற்கே இருக்கும் அதே பாம்பின் விஷமும் ஒரே மாதிரி இல்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மூலையில் எடுத்த விஷத்தில் செய்த மருந்து நாடு முழுவதற்கும் ஒரே அளவில் வேலை செய்யாது. இதற்கு வழி வடநெம்மேலியைக் குறை சொல்வதில் இல்லை. இதே மாதிரிச் சங்கங்கள் மற்ற மாநிலங்களிலும் அந்தந்த ஊர்ப் பாம்பு பிடிப்பவர்களைக் கொண்டே தொடங்கப்பட வேண்டும். நாற்பது ஆண்டாக நல்லபடியாக நடக்கும் ஒரு மாதிரி கண்முன்னே இருக்க, ஏன் இன்னும் அது பெருகவில்லை என்பது நியாயமான கேள்வி.

கல்வியிலும் பாதி வேலை பாக்கி. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் தூங்கும்போது நேர்கிறது. வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை சரிவு, பிறகு மூச்சுத்திணறல். கொசுவலையை விரிப்புக்கடியில் செருகிப் படுத்தாலே பல உயிர் தப்பும். கையில் விளக்கு, காலில் செருப்பு, கடிபட்டால் இறுகக் கட்டாமல், கீறாமல், மந்திரத்துக்கு ஓடாமல் நேரே விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை: இதைக் கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருப்பது நல்ல தொடக்கம். இனியாவது எங்கே, எப்போது, எத்தனை கடி என்ற கணக்கு சரியாக வரும்.

இந்தக் கணக்கெல்லாம் சென்னையில் சேரும்போது வடநெம்மேலியை அரசு மறந்துவிடக் கூடாது. பாம்பு பிடிக்கும் உரிமம் தாமதமாகும் ஆண்டுகளில் பானைகள் காலியாகக் கிடக்கின்றன, உறுப்பினர்கள் கூலி வேலைக்குப் போகிறார்கள், தகப்பனோடு வரப்பில் நடக்க வேண்டிய பையன் தடம் பார்க்கக் கற்காமலே வளர்ந்துவிடுகிறான். பத்மஸ்ரீ கொடுத்துப் பெருமைப்படுத்திய நாடு உரிமத்தை ஆண்டுதோறும் பருவம் தவறாமல் கொடுக்க வேண்டும். விஷத்தின் விலையில் பிடித்தவரின் பங்கை உயர்த்த வேண்டும். கிராமங்களில் பாம்புக்கடி விழிப்புணர்வுக்குப் போகும் சுகாதாரப் பணியாளரோடு ஓர் இருளரையும் சம்பளத்துக்கு அனுப்ப வேண்டும்.